பங்கருக்குள் ஒரு புறநானூற்றுப் பாட்டு

1990 ஜூனில் போர் மறுபடி மூண்டதும் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பிறகு வந்த வருடங்களில் நான் திருத்திய கொப்பிகள் எல்லாம் ஜாம் போத்தல் விளக்கில் திருத்தியவைதான். போத்தலின் அடியில் பஞ்சு, அது நனையும் அளவுக்கு மண்ணெண்ணெய், மெல்லிய திரி. கொப்பியின் பாதிப் பக்கத்துக்குத்தான் வெளிச்சம் காணும். மண்ணெண்ணெய்க்குத் தடை. அதனால் "சுருக்கமா எழுதுங்கோ" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுவேன். நடை அழகுக்காக என்று அவர்கள் நினைத்திருக்கக்கூடும்.

வலிகாமத்தில் தமிழ் வாத்தியார் நான். ஒருநாள் பக்குடுக்கை நன்கணியாரின் பாட்டைத் தொடங்கிய கையோடு பொம்பர் விமானம் இரைந்தது. எல்லோரும் 'ட' வடிவப் பங்கருக்குள் இறங்கினோம். ஈர மண் வாசம், இருட்டு, பக்கத்தில் ஒரு பிள்ளையின் பல் அடிக்கும் சத்தம். என்ன சொல்வதென்று தெரியாமல், விட்ட இடத்திலிருந்தே சொன்னேன்:

"ஓரில் நெய்தல் கறங்க, ஓரில்
ஈர்ந்தண் முழவின் பாணி ததும்ப..."

ஒரு வீட்டில் சாப்பறை, இன்னொரு வீட்டில் கல்யாண மேளம். உரை தேவைப்படவில்லை. அந்தக் கிழமைதான் எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் பறை, நாலு வீடு தள்ளி நாதஸ்வரம். "படைத்தோன் மன்ற அப் பண்பிலாளன்" என்ற வரி வந்ததும் இருட்டுக்குள் இருந்து ஒரு குரல்: "சேர், இவர் கடவுளையே ஏசுறார்!" யாரோ சிரித்துவிட்டார்கள்.

வீட்டில் அம்மாவுக்குத் தேவாரம்தான் ஆறுதல். எனக்கு என்னவோ இந்த ஏச்சில்தான் மனம் ஆறியது. நான் வாய்விட்டுச் சொல்லப் பயந்ததை ஒருவர் எப்போதோ சொல்லி வைத்திருக்கிறார்.

1995 ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கிவர, கொட்டும் மழையில் ஊரே கிழக்கே தென்மராட்சிக்கு நடந்தது. புத்தகங்களை விட்டுவிட்டுத்தான் போனேன். சாவகச்சேரிப் பக்கம் ஒரு மாமரத்தடியில் மறுபடி வகுப்பு. கையில் புத்தகம் இல்லை. மனப்பாடமாக இருந்த இதே பாட்டைத்தான் எழுதப் போட்டேன். கடைசியில் "இன்னாது அம்ம இவ்வுலகம், இனிய காண்க" என்று வரும்: இந்த உலகம் கொடியது, இனியதைக் காண்க.

பங்கருக்குள் குரல் கொடுத்த அதே பெடியன் எழும்பினான். "சேர், 'இன்னாது'ம் சரி. மற்றது ஏன்?"

"சோதனையில் கேட்டால் என்ன எழுதுவாய்?"

"நீங்கள் சொல்லித் தந்ததை எழுதுவன் சேர்."


நான் இன்னும் சொல்லித் தந்திருக்கவில்லை.