25 மீற்றருக்கு 3 செக்கன்

மட்டக்களப்பு எழுவான்கரையில் ஒரு பிரதேச சபையில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக 20 வருடத்துக்கு மேலாக வேலை செய்கிறேன். என் மேசைக்கு வரும் கடிதங்களில் தெருவிளக்குக்கு அடுத்தபடியாக அதிகம் வருவது ஒன்றுதான்: “எங்கள் வீதிக்கு வேகத்தடை போட்டுத் தரவும்.” கீழே 30, 40 கையெழுத்து இருக்கும். சிலவற்றில் கிராம சேவகரின் சிபாரிசு, கோயில் பரிபாலன சபையின் முத்திரை. முன்பெல்லாம் அந்தக் கடிதத்தை வாசித்து முடிப்பதற்குள் எத்தனை பேக் சீமெந்து, எவ்வளவு சல்லி என்று மனம் கணக்குப் போட்டுவிடும். இப்போது அப்படி இல்லை. முதலில் அந்த வீதிக்குப் போய் ஒரு பின்னேரம் உட்காருகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த நாட்களில் எங்கள் ஒழுங்கைகளில் வேகம் என்று ஒரு முறைப்பாடே வந்ததில்லை. எல்லாம் கடற்கரை மணல். சைக்கிளையே இறங்கித் தள்ள வேண்டிய இடங்கள் இருந்தன. இரண்டு பக்கமும் கிடுகு வேலி. வேலிக்கு அப்பால் யாராவது நடந்தால் கீற்றுக்குள்ளால் தெரியும். 2009க்குப் பிறகு நிலைமை மாறியது. பிரதான வீதி காப்பெற் ஆனது. ‘மக நெகும’ போன்ற திட்டங்களில் உள் வீதிகளுக்குக் கொங்கிறீற் வந்தது. எத்தனையோ வீதிகளுக்கு நானே மட்டம் பார்த்திருக்கிறேன். மாரி மழையில் வெள்ளைச் சப்பாத்தில் சேறு படாமல் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதைப் பார்த்து மனம் நிறைந்து நின்றிருக்கிறேன்.

ஆனால் அந்த மதிப்பீடுகள் ஒன்றிலும் வேகத்துக்கு ஒரு வரி எழுதியதில்லை. அகலம், தடிப்பு, கலவை விகிதம் எல்லாம் இருந்தது. வீதி வழுவழுப்பானால் அதில் ஓடுகிறவன் எப்படி ஓடுவான் என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. வீதி வந்த அதே காலத்தில் கிடுகு வேலி போய் மதில் வந்தது. ஆறு அடி மதில், வீதி ஓரத்தை முட்டிக்கொண்டு. முன்பு வேலிக்குள்ளால் தெரிந்த பிள்ளை இப்போது கேற்றைத் தாண்டி வெளியே வந்த பிறகுதான் தெரிகிறது.

எங்கள் ஊர்களின் கிடப்பும் ஒரு காரணம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி, நடுவில் ஒடுங்கிய நிலம். கல்லடியில் இருந்து கல்முனைப் பக்கம் போனால் ஓர் ஊர் முடிந்து மற்ற ஊர் தொடங்குவது பெயர்ப்பலகையைப் பார்த்தால்தான் தெரியும். அவ்வளவு நெருக்கமாக வீடுகள். நீட்டுக்கு ஓடும் பெரிய வீதி ஏ4 ஒன்றுதான். அதில் பொலிஸ் நிற்கிறது என்று தெரிந்தால், ஹெல்மெற் இல்லாதவனும் லைசன் இல்லாதவனும் உள் வீதியால் இறங்குவான். பிரதான வீதியில் பிடிபடாத வேகம், பிள்ளைகள் கிளித்தட்டு விளையாடும் ஒழுங்கைக்குள் வந்து சேர்கிறது.

நான்கு வருடத்துக்கு முன் அப்படி ஒரு கடிதம் வந்தது. முதல் கையெழுத்து வைத்த அம்மாவின் வீட்டு வாசலில், அவர் தந்த பிளாஸ்ரிக் கதிரையில் போய் உட்கார்ந்தேன். வீதியில் சுண்ணாம்பால் இரண்டு கோடு. இடையில் சரியாக 25 மீற்றர். கையில் போனில் உள்ள நிறுத்தற் கடிகாரம், அவ்வளவுதான். ஒரு வாகனம் முதல் கோட்டில் இருந்து இரண்டாம் கோட்டுக்குப் போக 3 செக்கன் எடுத்தால் அதன் வேகம் மணிக்கு 30 கிலோமீற்றர். 1.8 செக்கனில் போனால் 50. ஒன்றரைச் செக்கன் என்றால் 60. கருவி ஒன்றும் வேண்டாம், யாரும் அளக்கலாம்.

“எங்க இருந்தோ வாறவனுகள்தான் தம்பி இப்பிடி ஓடுறது. எங்கட ஊர்ப் பொடியனுகள் ஓடமாட்டானுகள்” என்று அந்த அம்மா சொல்லிக்கொண்டு பக்கத்தில் நின்றார். நான் செக்கனைச் சொல்லச் சொல்ல, அவர் ஆளைச் சொன்னார். 2.4 செக்கன்: “இது முனை வீட்டுப் பொடியன்.” 1.9: “இது எங்கட தங்கச்சிர மருமகன், வேலை விட்டு வாறான்.” 2.1, ஓட்டோ: “இவர் கோயிலடியில இருக்கிறவர்.” 1.6 செக்கனில் ஒரு மோட்டார் சைக்கிள் போனது. முதுகில் பை, முன் ராங்கியில் புத்தகக் கட்டு. அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்: “இது ரியூசன் சேர். என்ர மகள் இவரிட்டத்தான் படிக்கிறாள்.”

இருட்டும் வரை இருந்தோம். வெளியூர் வண்டிகளும் வந்தன, இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் விரைவாகப் போனவர்களில் பெரும்பாலானோரை அந்த அம்மாவுக்கு முறை சொல்லத் தெரிந்திருந்தது.

அடுத்த நாள் அந்த ரியூசன் சேரைப் போய்ச் சந்தித்தேன். குறை சொல்லப் போகவில்லை, ஏன் அவ்வளவு அவசரம் என்று கேட்கத்தான் போனேன். நல்ல மனிதர். ஓர் இடத்தில் ஐந்து மணிக்கு வகுப்பு முடிகிறது, இன்னோர் இடத்தில் ஐந்து மணிக்கே அடுத்த வகுப்பு தொடங்குகிறது. இடையில் மூன்று கிலோமீற்றர். “அங்க பிள்ளைகள் காத்திருக்கிறாங்க சேர்” என்றார். அவர் மட்டுமில்லை, அந்த வகுப்பில் இருந்து இந்த வகுப்புக்கு ஓடும் மாணவர்களும் அதே நேரத்தில் அதே வீதியில் பறக்கிறார்கள். இரண்டு வகுப்புக்கும் இடையில் 15 நிமிடம் விடச் சொல்லிக் கேட்டேன். விட்டார். ஒரு பேக் சீமெந்தும் செலவாகவில்லை. ஐந்து மணிச் சந்தடி அந்த வீதியில் கண்ணுக்குத் தெரியக் குறைந்தது. அந்தக் கடிதத்துக்கு நான் எழுதிய பதிலில் வேகத்தடை என்ற சொல்லே வரவில்லை என்று மேலதிகாரி கேட்டார். சொன்னேன், விளங்கிக்கொண்டார்.

ஒழுங்கைக்குள் மணிக்கு 30 கிலோமீற்றருக்கு மேல் கூடாது என்று நான் பிடித்துக்கொண்டு நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் மோட்டார் வாகனச் சட்டம் 1951ஆம் ஆண்டினது. குடியிருப்புப் பகுதிகளில் மோட்டார் சைக்கிளுக்கும் காருக்கும் உச்ச வேகம் 50, முச்சக்கரவண்டிக்கு 40. இது உச்சம். மூன்று மீற்றர் அகல ஒழுங்கைக்கு 50 மிக அதிகம். ஆபத்தைக் கண்டு கை பிறேக்குக்குப் போக ஒரு செக்கன் என்று வைத்தால்கூட, 50இல் போகிறவர் பிறேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே 14 மீற்றர் போய்விடுவார். 30இல் போகிறவர் 8 மீற்றர். மோதலின் பலமும் வேகத்தோடு நேராக ஏறுவதில்லை, அதன் வர்க்கமாக ஏறுகிறது. 30க்கும் 50க்கும் இடையில் அது கிட்டத்தட்ட மூன்று மடங்கு. நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் வாகனங்களும் கலந்து போகும் இடத்தில் 30க்கு மேல் கூடாது என்று 2020 பெப்ரவரியில் ஸ்ரொக்ஹோம் மாநாட்டுப் பிரகடனம் சொன்னது இதனால்தான். இந்த நாட்டில் ஒவ்வொரு வருடமும் வீதியில் 2,000 பேருக்கு மேல் சாகிறார்கள். அதில் பெரும் பங்கு மோட்டார் சைக்கிளில் போனவர்களும் நடந்து போனவர்களும். நம் ஒழுங்கையில் இருப்பதும் இந்த இரண்டு வகையினர்தான்.

வேகத்தடையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பள்ளிக்கூட வாசலில், நேராக ஓடும் நீண்ட வீதியில் அது தேவை. ஆனால் அதைச் சரியாகப் போட வேண்டும் என்பதைக் கஷ்டப்பட்டுத்தான் படித்தேன். தொடக்க காலத்தில் நாங்கள் போட்டவை ஒரு அடி அகலம், அரை அடி உயரம். வரம்பு மாதிரி. மஞ்சள் பூச்சுக்குக் காசு அடுத்த மாதம் வரும் என்று விட்ட ஒரு தடையில், கரண்ட் இல்லாத ஓர் இரவு, மகளைப் பின்னால் ஏற்றி வந்த ஒரு தகப்பன் விழுந்தார். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. அவருக்கு மணிக்கட்டு முறிந்தது. அந்த வேலைக்குக் கையொப்பம் போட்டவன் நான். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். “நீங்க நல்லதுக்குத்தானே போட்டீங்க” என்று அவர் சொன்னதை இன்றும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. நல்லதுக்குப் போட்டது தெரிய வேண்டாமா?

பிறகுதான் தேடிப் படித்தேன். பிரித்தானியாவில் 1970களில் ஓட்டிப் பார்த்து எடுத்த வடிவம், வண்டி போகும் திசையில் 3.7 மீற்றர் நீளம், நடுவில் 10 சென்ரிமீற்றர் உயரம். மெல்ல ஏறி மெல்ல இறங்கும். அளவான வேகத்தில் வருகிறவருக்கு நோகாது, பறந்து வருகிறவருக்கு மட்டும் நோகும். அந்த வீதியால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸில் கர்ப்பிணித் தாய்மாரும் போகிறார்கள் என்பதை நினைத்தால் இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று விளங்கும்.

இன்னொன்று எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை, எங்கள் மாரிதான் சொல்லித் தந்தது. இந்த நிலம் தட்டை. மதிலுக்கு மதில் தடை போட்டால் மழைத்தண்ணி அதில் முட்டிப் பக்கத்து வீட்டு முற்றத்துக்குள் போய் நிற்கும். சரி என்று இரண்டு ஓரமும் ஒரு அடி விட்டுப் போட்டோம். தண்ணி ஓடியது. அந்த இடைவெளியால் மோட்டார் சைக்கிள்களும் ஓடின, வேகம் குறைக்காமல், மதிலை ஒட்டி. மதிலை ஒட்டித்தான் பிள்ளைகள் நடக்கிறார்கள்! தடை இல்லாமல் இருந்தபோது நடு வீதியால் போன வண்டியை, தடை போட்டுப் பிள்ளைகளின் பக்கம் தள்ளிவிட்டோம். அடியில் குழாய் வைத்துப் பார்த்தோம், மணல் அடைத்தது. இப்போது ஓரம் விட்டு, அந்த இடைவெளியின் நடுவில் இடுப்பளவு கொங்கிறீற் தூண் ஒன்று நட்டு வெள்ளை அடிக்கிறோம். தண்ணி போகும், ஆள் போகும், கைபிடி அகலத்துக்கு வண்டி போகாது.

இதைவிட எனக்கு நம்பிக்கை தந்தது மதில் மூலைதான். ஓர் ஒழுங்கை இன்னொன்றைச் சந்திக்கும் முனையில் ஓய்வுபெற்ற அதிபர் ஐயா ஒருவரின் வீடு. மதிலின் கூர்மூலை வீதியில் இருக்கிறது. அந்த மூலையை இரண்டு பக்கமும் ஒன்றரை மீற்றர் சரித்து வெட்டினால், இரண்டு பக்கமும் வருகிறவர்கள் ஒருவரை ஒருவர் காணலாம். கேட்கப் போனேன். “தம்பி, இது என்ர பென்சன் காசில கட்டின மதில்” என்றார். நியாயம்தானே. மூன்று தரம் போனேன். மூன்றாம் தரம் அவரை அவருடைய சைக்கிளிலேயே அந்த ஒழுங்கையால் வரச் சொல்லி, நான் மற்றப் பக்கத்தால் நடந்து வந்தேன். மூலையில் முட்டிக்கொள்ளாத குறை. அவர் சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு, குந்தி இருந்து, ஒரு பிள்ளையின் உயரத்தில் கண்ணை வைத்து இரண்டு பக்கமும் பார்த்தார். எழும்பி வந்து, “வெட்டுங்க. ஆனா சபைதான் பூசித் தரவேணும்” என்றார். பூசிக் கொடுத்தோம்.

எந்த வீதி யாருடையது என்ற சிக்கலும் உண்டு. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, சி, டி தர வீதிகள் மாகாணத்துக்கு, மிச்சம் எங்களுக்கு. கையெழுத்து வைத்துக் கடிதம் தருகிறவருக்கு இது தெரிய வேண்டியதில்லை. கடிதத்தைச் சரியான மேசைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எங்கள் வேலை என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த மாதம் ஒரு புது ஒழுங்கைக்குக் கொங்கிறீற். 280 மீற்றர், நேர் கோடு. நடுவில் ஒரு வேம்பு வீதிக்குள் ஒரு முழம் நீட்டிக்கொண்டு நிற்கிறது. தறிக்கச் சொல்லி ஒரு கடிதம் வந்திருக்கிறது. அந்த வேம்படியில் எல்லா வண்டியும் மெதுவாகுவதை இரண்டு பின்னேரம் இருந்து பார்த்தேன். நெதர்லாந்தின் டெல்ப்ற் நகரில் 1960களின் கடைசியில் குடியிருப்பு வீதிகளில் மரமும் வளைவும் வைத்து வேகத்தைக் குறைக்கத் தொடங்கினார்கள். எங்களுக்கு மரம் ஏற்கெனவே நிற்கிறது. மதிப்பீட்டில் வேம்பைச் சுற்றிக் கல் கட்டவும், நான்கு மதில் மூலைகளைச் சரிக்கவும் இரண்டு வரி சேர்த்திருக்கிறேன். கோப்பு செயலாளரின் மேசையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை போய்க் கேட்க வேண்டும்.