எதிர்வீட்டு நோட்டுப் புத்தகம்

2024 மார்ச் 23, சனிக்கிழமை. அயோவா சிட்டி, அமெரிக்கா.

மகளை அழைத்துக்கொண்டு இன்று கார்வர்-ஹாக்கை அரங்கத்துக்குப் போயிருந்தேன். சரிவைத் தோண்டிக் கட்டிய அரங்கம் அது. வாசலில் நுழைந்தால் நாம் நிற்பது மேல்தளத்தில்; ஆடுகளமோ கிணற்றுத் தண்ணீரைப் போல அடியில் மினுங்கிக்கொண்டிருக்கும். தேசிய மகளிர் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டியின் முதல் சுற்று இது. மொத்தம் 68 அணிகள். தோற்ற அணி அன்றே மூட்டை கட்ட வேண்டியதுதான். தரவரிசையில் முதல் 16 இடங்களைப் பெற்ற அணிகள் முதல் இரண்டு சுற்றுகளையும் சொந்த அரங்கத்திலேயே ஆடலாம் என்பதால்தான் எங்களுக்கு இந்தப் பாக்கியம் கிடைத்தது. நுழைவுச்சீட்டுக்குக் கொடுத்த விலையை வீட்டில் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.

எங்கள் ஊர்ப் பல்கலைக்கழக அணியான அயோவா 91, ஹோலி கிராஸ் 65. எங்கள் அணியின் நட்சத்திரம் கேட்லின் கிளார்க் 27 புள்ளிகள் எடுத்தார். பல்கலைக்கழக முத்திரை அச்சிட்ட நடுவட்டத்தின் அருகிலிருந்தே அவர் பந்தை எறியும்போது அரங்கம் முழுவதும் எழுந்து நின்றுவிடுகிறது. பந்து கூடையில் விழுந்த பிறகு எழுவதல்ல, கையைவிட்டுக் கிளம்பும்போதே எழுவது.

திரும்பி வந்தபோது எதிர்வீட்டு அம்மையார் தபால் பெட்டி அருகில் நின்றுகொண்டிருந்தார். வென்றோம் என்று சொல்ல வாயெடுத்தேன். அது அவருக்குத் தெரிந்திருந்தது. "ரீபவுண்ட் எத்தனை?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மதுரையில் கல்லூரி அணியில் மூன்று வருடம் ஆடியவள் நான். வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைக் கைப்பற்றுவதற்கு அங்கேயும் அதே சொல்தான். இருந்தும், அதை எண்ண வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

மார்ச் 25, திங்கட்கிழமை

இரண்டாவது சுற்றை அம்மையார் வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அயோவா 64, வெஸ்ட் வர்ஜீனியா 54. தொண்ணூறு புள்ளிகளைச் சர்வசாதாரணமாகத் தாண்டுகிற அணியை அந்தப் பெண்கள் களத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நெருக்கி நெருக்கி மூச்சு வாங்க வைத்துவிட்டார்கள். கிளார்க் 32. சொந்த அரங்கத்தில் இதுவே அவருடைய கடைசி ஆட்டம்.

ஆட்டத்தைவிட இன்று நான் அதிகம் பார்த்தது அம்மையாரின் மடியிலிருந்த நோட்டைத்தான். கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு. பக்கத்தின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு. இடப்பக்கம் அயோவா, வலப்பக்கம் எதிரணி. பந்து திரும்பி யார் கையில் சேர்கிறதோ அந்தப் பக்கம் பென்சிலால் ஒரு சிறு குச்சி. நான்கு குச்சிகளுக்குப் பிறகு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்துக் கட்டிவிடுவார். புள்ளிகளை எழுத அந்தப் பக்கத்தில் இடமே இல்லை.

காரணம் கேட்டேன். அவர் பள்ளியில் ஆடியது 1960களின் தொடக்கத்தில். அப்போது அயோவாவின் பெண்கள் ஆடியது அணிக்கு ஆறு பேர் கொண்ட கூடைப்பந்து. களத்தின் ஒரு பாதியில் மூன்று தாக்குநர், மறுபாதியில் மூன்று காவலர். நடுக்கோட்டை யாரும் தாண்டக் கூடாது, பந்தை இரண்டு முறைக்கு மேல் தட்டவும் கூடாது. பெண்ணுடல் ஓட்டத்தைத் தாங்காது என்று யாரோ ஒரு காலத்தில் முடிவு செய்ததன் மிச்சம் அந்த விதி. ஆனால் அதே விதியில் ஆடிய பெண்களைப் பார்க்க டி மாயின் நகரத்து அரங்கம் மாநிலப் போட்டியின்போது நிரம்பி வழிந்திருக்கிறது. கூடையில் எறியும் உரிமை தாக்குநருக்கு மட்டுமே. அம்மையார் காவலர். "நான்கு வருடம் ஆடினேன், ஒரு புள்ளிகூட எடுத்ததில்லை" என்றார், குறையாக அல்ல, ஊர்ப்பெயர் சொல்வதுபோல. எதிரணியினர் எறிந்து தவறிய பந்தை எடுத்து நடுக்கோட்டுக்கு அந்தப்பக்கம் அனுப்புவது மட்டுமே அவருடைய வேலை. பள்ளி முடிந்ததும் ஆட்டமும் முடிந்தது. கல்லூரிப் பெண்களுக்கு இந்தத் தேசியப் போட்டி தொடங்கியதே 1982இல்தான்.

அந்த ஆறு பேர் ஆட்டம் அயோவாவில் 1993வரை நீடித்தது. இப்போது அயோவா அணியின் துணைப் பயிற்சியாளராக உட்கார்ந்திருக்கும் ஜேன் ஜென்சன் அதில் ஆடியவர்தான். 1987இல் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 66 புள்ளிகள் எடுத்தவர். அவர் தாக்குநர் என்பதை அம்மையார் இருமுறை நினைவூட்டினார்.

ஏப்ரல் 1, திங்கட்கிழமை

கடந்த ஆண்டு டாலஸ் நகரில் நடந்த இறுதிப் போட்டியில் எல்.எஸ்.யூ. (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) 102, அயோவா 85. அந்தத் தோல்வியின் முடிவில் எல்.எஸ்.யூ. வீராங்கனை ஏஞ்சல் ரீஸ் தன் முகத்தின் முன் கையசைத்து, விரலைக் காட்டிக் கிளார்க்கைக் கேலி செய்ததை இந்த மாநிலம் ஒரு வருடமாக மறக்கவில்லை. இன்று ஆல்பனியில், கடைசி நான்கு அணிகளின் சுற்றுக்குப் போவது யார் என்ற ஆட்டத்தில், அதே இரண்டு அணிகள். இடைவேளையில் 45-45.

அதன்பின் கிளார்க் ஆடியதைக் கண்ணால் கண்டவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. காணாதவர்களுக்கு விளக்கி முடியாது. மொத்தம் 41 புள்ளிகள், 12 அசிஸ்ட் (சக வீராங்கனை கூடை போடப் பந்தைக் கொடுத்தது), மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து 9 கூடைகள். அயோவா 94, எல்.எஸ்.யூ. 87. மகள் அம்மையார் வீட்டு சோபாவில் குதித்ததில் அதன் கால் ஒன்று ஆட்டம் கண்டிருக்கிறது. நாளை சரி செய்து கொடுக்க வேண்டும்.

ரீஸ் கணுக்கால் பிசகியும் ஆடி, ஐந்தாவது ஃபவுலுடன் (விதிமீறல்; ஐந்தானால் மேலே ஆட முடியாது) வெளியேறினார். நான் கைதட்டிவிட்டேன். அம்மையார் நோட்டிலிருந்து தலை தூக்கிப் பார்த்தார். "அந்தப் பெண் 20 பந்து எடுத்திருக்கிறாள்" என்றார். நான் கையைக் கீழே போட்டேன்.

ஏப்ரல் 5, வெள்ளிக்கிழமை. நள்ளிரவுக்குப் பின்.

கிளீவ்லாந்து என்றால் எங்கள் வீட்டில் இதுவரை தியாகராஜ ஆராதனைதான். ஈஸ்டரை ஒட்டி 1978 முதல் அங்கே நடந்துவரும் விழாவுக்கு என் நாத்தனார் ஆண்டு தவறாமல் போய்விடுவார். இந்த வாரம் அந்த ஊரின் பெயரை எங்கள் வீட்டில் வேறு காரணத்துக்காக உச்சரித்துக்கொண்டிருக்கிறோம். காரில் எட்டு ஒன்பது மணி நேரப் பயணம். திங்கட்கிழமை முழு சூரிய கிரகணமும் அதே ஊரில் தெரியப்போவதால் விடுதி அறைகளின் விலையைக் கேட்டதுமே தொலைபேசியை வைத்துவிட்டேன்.

முதல் அரையிறுதியில் தென் கரோலினா 78-59 என்று வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தை வென்றது. அடுத்தது எங்களுடையது, கனெக்டிகட்டுக்கு எதிராக. நிக்கா மூல் என்ற அந்த மெலிந்த பெண் கிளார்க்கை நிழலைப் போல ஒட்டிக்கொண்டார். இடைவேளையில் 26-32 எனப் பின்தங்கியிருந்தோம். நம்மைக் காப்பாற்றியது பக்கத்து ஊரான சீடர் ராபிட்ஸ் பெண் ஹேனா ஸ்டூல்கே. கூடைக்கு அடியில் நின்று 23 புள்ளிகள். கிளார்க் 21.

நாளை எல்லோரும் பேசப்போவது கடைசி நொடிகளைப் பற்றி. அயோவா 70, கனெக்டிகட் 69, பந்து அவர்களிடம், 3.9 நொடி மிச்சம். பெய்ஜ் பெக்கர்ஸ் எறிய இடம் பிடித்துக் கொடுப்பதற்காக ஆலியா எட்வர்ட்ஸ் மறித்து நின்றார். நின்றார் என்பதைவிட, எங்கள் கேபி மார்ஷல் வரும் பக்கம் சாய்ந்தார். நடுவர் ஊதிவிட்டார். விதிப்படி அது ஃபவுல். ஆனால் நாற்பது நிமிடங்களில் அதுபோன்ற பத்துச் சாய்வுகளை ஊதாமல் விட்ட விசில் அந்த நொடியில் ஊதியது என்பதும் உண்மை. எங்களுக்கு எதிராக ஊதியிருந்தால் இந்தக் குறிப்பை வேறு தொனியில் எழுதியிருப்பேன். முடிவு 71-69.

அம்மையாருக்கு இந்த விவாதத்தில் அக்கறை இல்லை. மார்ஷல் முட்டியும் நிற்காமல் துரத்திக்கொண்டே போனதால்தான் அந்தச் சாய்வு நேர்ந்தது என்பது அவர் கட்சி. காவலர் காவலரைப் பார்க்கிறார்.

ஏப்ரல் 7, ஞாயிற்றுக்கிழமை

இறுதிப் போட்டி. இங்கே பகல் இரண்டு மணி. தெருவில் ஓர் ஆள் இல்லை.

தென் கரோலினா இந்தப் பருவத்தில் ஓர் ஆட்டம்கூடத் தோற்கவில்லை. போன வருடமும் இப்படித்தான் 36 வெற்றிகளோடு வந்து, அரையிறுதியில் எங்களிடம் 77-73 என்று தோற்றது. அந்த அணியின் தொடக்க ஐவரும் அதன்பின் போய்விட்டார்கள்; பயிற்சியாளர் டான் ஸ்டேலி ஒரே வருடத்தில் புதிய அணியைக் கட்டி எழுப்பியிருக்கிறார். அந்த அரையிறுதியில் கிளார்க், "எறிந்துகொள்" என்பதுபோல ரேவன் ஜான்சனை நோக்கிக் கையசைத்துவிட்டு விலகி நின்ற காட்சி நாடெங்கும் பரவி, அந்தப் பெண்ணைப் பலர் ஏளனம் செய்தார்கள். இன்று கிளார்க்கைக் காக்கும் பொறுப்பு அதே ரேவன் ஜான்சனிடமும் இருந்தது.

தொடக்கத்தில் 10-0 என்று முந்தினோம். முதல் கால் பகுதியில் மட்டும் கிளார்க் 18 புள்ளிகள், 27-20. மகள் சமையலறைக்கும் வரவேற்பறைக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்தாள். எனக்கும் நம்பிக்கை பிறந்துவிட்டது. அம்மையார் மட்டும் பென்சில் முனையால் நோட்டின் வலப்பக்கத்தைத் தட்டிக் காட்டினார். முன்னிலை எங்களிடம் இருந்தபோதே அந்தப் பக்கம் குச்சிகள் நிறைந்துகொண்டிருந்தன. அவர்கள் எறிவது தவறுகிறது, தவறிய பந்தை அவர்களே எடுக்கிறார்கள், மறுபடி எறிகிறார்கள். கமிலா கார்டோசோ பிரேசிலிலிருந்து வந்தவர், ஆறடி ஏழங்குலம். எங்கள் பெண்கள் குதிக்கும் உயரத்தில் அவர் கை சும்மா நின்றுகொண்டிருந்தது. ஸ்டூல்கே இடுப்பை வைத்துத் தள்ளி மறித்துப் பார்த்தார். அப்போதும் பந்து அவர் தலைக்கு மேலேதான் போனது.

இரண்டாம் கால் பகுதி முடியும் தறுவாயில் ரேவன் ஜான்சன் நடுக்களத்தில் கிளார்க்கின் கையிலிருந்தே பந்தைத் தட்டிப் பறித்துக்கொண்டு போய்த் தனியாகக் கூடையில் போட்டார். எதிரணிதான், ஆனாலும் ஒரு வருட ஏளனத்துக்குப் பதில் சொல்ல அவர் வாயைத் திறக்கத் தேவையில்லாமல் போனதைப் பார்த்தபோது உள்ளுக்குள் ஏதோ நிறைந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். இடைவேளையில் 46-49.

நான்காம் கால் பகுதியில் நாலு நிமிடச் சொச்சம் மிச்சமிருக்கையில் எங்கள் சிட்னி ஆஃபால்டர் உள்ளே புகுந்து போட்ட கூடையில் 75-80 வரை எட்டிப்பிடித்தோம். அதன்பின் எங்கள் பெண்களால் ஒரு புள்ளிகூட எடுக்க முடியவில்லை. கால்கள் ஓய்ந்துவிட்டன, திரையில்கூட அது தெரிந்தது. கிளார்க்கின் எறிவுகள் வளையத்தின் முன்விளிம்பில் இடித்துக் குட்டையாக விழுந்தன. அவர்களோ மாற்று ஆட்டக்காரர்களை இறக்கிக்கொண்டே இருந்தார்கள். அவர்களில் ஒருவரான டெசா ஜான்சன், முதலாண்டு மாணவி, மட்டும் 19 புள்ளிகள். மாற்று ஆட்டக்காரர்கள் எடுத்த மொத்தப் புள்ளிகள் அவர்களுக்கு 37, எங்களுக்குச் சுழி. இறுதியில் தென் கரோலினா 87, அயோவா 75. பருவம் முழுக்க 38 ஆட்டங்கள், 38 வெற்றிகள்.

கிளார்க் 30 புள்ளிகளோடு கல்லூரி வாழ்க்கையை முடித்தார். நான்கு ஆண்டுகளில் 3,951. ஆண்களையும் சேர்த்து, கல்லூரிக் கூடைப்பந்தின் முதல் பிரிவில் இதுவரை யாரும் அவ்வளவு எடுத்ததில்லை. கோப்பை வாங்கும் மேடையில் நின்றுகொண்டே ஸ்டேலி அவர் பெயரைச் சொல்லி நன்றி கூறினார். மகள் அழுதாள். அம்மையார் அவளைச் சமாதானப்படுத்தவில்லை; பென்சிலைக் கொடுத்து, "கூட்டிச் சொல்" என்றார். அவள் மூக்கை உறிஞ்சியபடி ஐந்து ஐந்தாக எண்ணினாள். கார்டோசோவுக்கு மட்டும் 17.

ஏப்ரல் 9, செவ்வாய்க்கிழமை

நேற்று கிரகணம், இங்கே முழுதாக மறையவில்லை. இரவு ஆடவர் இறுதிப் போட்டி நடந்தது. எங்கள் தெருவில் யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் பார்த்தவர்கள் சுமார் 1 கோடியே 87 லட்சம் பேர், ஆடவர் இறுதியைவிட அதிகம், இப்படி நடப்பது இதுவே முதல் தடவை என்று செய்தி வந்திருக்கிறது. மூன்றே வருடத்துக்கு முன், 2021இல், இதே போட்டிக்கு வந்த பெண்களுக்கு உடற்பயிற்சிக்கென்று ஒரு சிறு அடுக்கு எடைக்கட்டைகளை மட்டும் வைத்திருந்ததை ஒரு வீராங்கனை படம் எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது.

அதிகாரபூர்வக் கணக்கை அச்செடுத்துக்கொண்டு மாலையில் அம்மையார் வீட்டுக்குப் போனேன். அதில் ரீபவுண்ட் தென் கரோலினாவுக்கு 51, அயோவாவுக்கு 29. அவருடைய நோட்டில் தென் கரோலினா பக்கம் 47தான். யாருடைய கையிலும் சேராமல் பந்து எல்லைக்கோட்டுக்கு வெளியே போனால்கூட, பந்து எந்த அணிக்குக் கிடைக்கிறதோ அந்த அணியின் கணக்கில் ஒன்று சேர்த்துவிடுவார்கள், அந்த வித்தியாசம்தான் என்று விளக்கினேன். அவர் அச்சுத்தாளை மூக்குக் கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார்.

"கையில் பிடிக்காததை எடுத்ததாக எப்படி எழுதுவது?" என்று கேட்டுவிட்டு, தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். நோட்டில் 47 அப்படியே இருக்கிறது.