ஊர் இருந்தது, சட்டத்தின் கண்ணில் இல்லை

1889 ஏப்ரல் 22 நண்பகலில் அமெரிக்காவின் ஓக்லஹோமா நிலம் குடியேற்றத்துக்குத் திறக்கப்பட்டபோது ஓடிவந்து மனை பிடித்தவர்களில் நானும் ஒருவன். மனை பிடித்தது எளிது. பிடித்த மனைகளெல்லாம் சேர்ந்து ஓர் ஊர் என்று சட்டப்படி எழுதி வாங்குவதற்குள் உயிர் போய்விட்டது. கவுண்டியை, அதாவது எங்கள் மாவட்டத்தை, நிர்வகிக்கும் கமிஷனர்களின் உத்தரவு இப்போது, 1890இல், கையில் இருக்கிறது. எரிச்சல் மட்டும் இன்னும் அடங்கவில்லை. மனுவோடு கிளம்பப் போகிற பக்கத்து ஊர்க்காரர்களாவது தப்பிக்கட்டும்.

முதல் ஒரு வருடம் சட்டமே இல்லை. நிலத்தைத் திறந்துவிட்ட காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், அங்கே யார் ஆள்வது என்பதைச் சொல்ல மறந்துவிட்டது. கையைத் தூக்கி மேயரையும் காவலுக்கு ஒரு மார்ஷலையும் தேர்ந்தெடுத்தோம். அவர்கள் வசூலித்த லைசென்ஸ் கட்டணத்தைத் தர மாட்டேன் என்று ஒருவன் சொன்னால் அதோடு சரி. 1890 மே 2 சட்டம் வந்த பிறகே ஓக்லஹோமா ஒரு பிரதேசமாயிற்று. சொந்தச் சட்டம் எழுதும் வரை நெப்ராஸ்கா மாநிலத்தின் சட்டங்களை இரவல் தந்தார்கள். நகரம், கிராமம் பற்றிய அத்தியாயம் அதில்தான் இருக்கிறது.

எல்லோரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. மனைக்குப் பட்டா வாங்குவது வேறு, ஊரைப் பதிவு செய்வது வேறு. பட்டாவுக்கு மே 14 சட்டப்படி உள்துறைச் செயலர் நியமிக்கும் மூன்று டிரஸ்டிகள் வருவார்கள். ஊரைப் பதிவு செய்யக் கவுண்டி கமிஷனர்களிடம்தான் போக வேண்டும். நில அலுவலகத்தில் விசாரித்தபோது அங்கிருந்த குமாஸ்தா இதைச் சொல்லியிருக்கலாம். அவரோ மனுவை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டுக்கொண்டார். பல வாரம் கழித்துப் போய்க் கேட்டால், “இது எங்கள் வேலை இல்லையே” என்கிறார்!

கவுண்டி அலுவலகத்தில் வேறு கதை. குறைந்தது 200 பேர் குடியிருக்க வேண்டும், வரிக்கு உட்பட்ட குடியிருப்பாளர்களில் பெரும்பான்மையோர் கையெழுத்திட வேண்டும் என்கிறது சட்டம். அங்கிருந்த எழுத்தர் வரிப் பட்டியலைக் கேட்டார். எந்த வரிப் பட்டியல்? தயாரிக்க வேண்டியதே அந்தக் கவுண்டிதான். அது பிறந்தே சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அப்போது அதற்குப் பெயர்கூடக் கிடையாது, வெறும் எண்தான். வரி கட்டியிருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, வரி விதிக்கத்தக்க சொத்து இருந்தால் போதும் என்று எங்கள் வக்கீல் வாதாடினார். கடைச் சரக்கு, குதிரை, வண்டி, பலகை வீடு என்று ஒவ்வொருவரும் தமக்கு உள்ளதைப் பிரமாணப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்தோம். எழுத்தர் முகம் சுளித்தபடியே வாங்கிக்கொண்டார். அன்று மாலை கடையில் எல்லோருக்கும் என் செலவில் காபி.

கையெழுத்து வேட்டையில் எதிர்பாராத இடத்தில் அடி விழுந்தது. ஊருக்குள் மனையும் வெளியே 160 ஏக்கர் ஹோம்ஸ்டெட் நிலமும் (குடியிருந்து பயிரிட்டால் அரசு சொந்தமாக்கித் தரும் நிலம்) வைத்திருப்பவர்கள் பேனாவைத் தொடவே மறுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஹோம்ஸ்டெட் நிலத்தில் குடியிருந்தால்தான் அது நிலைக்கும். “நான் ஊரில் குடியிருக்கிறேன்” என்று எழுதிக் கொடுத்தால், அந்த நிலத்தின் மேல் கண் வைத்திருப்பவனுக்கு அதுவே சாட்சி. அவர்களைத் தலைக்கணக்கில் சேர்க்காதீர்கள். எங்கள் எண்ணிக்கை இருநூறைத் தாண்டியது ரயில்வேத் தொழிலாளர் குடும்பங்களால்தான்.

எல்லையை எழுதும்போது “ஸ்டேஷனிலிருந்து ஓடை வரை” என்றெல்லாம் எழுதாதீர்கள். ஓடை நகரும். நிலத்தை ஒரு மைல் சதுரங்களாகப் பிரித்த அரசு சர்வேயின் செக்‌ஷன் மூலைக்கல்லிலிருந்து தொடங்குங்கள். ஓக்லஹோமா சிட்டியில் இரண்டு தரப்பு இரண்டு விதமாக அளந்து, தெருக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் நடுவில் கோணிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஊர் வரைபடத்தில் பூங்கா, பள்ளி முதலியவற்றுக்கு மொத்தம் 10 ஏக்கருக்குக் குறையாமலும் 20 ஏக்கருக்கு மிகாமலும் ஒதுக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். சின்ன ஊருக்கு இது அநியாயம்தான். ஆனால் ஊர் பதிவானால்தான் அந்த நிலத்தின் பட்டா ஊரின் பெயருக்கு வரும். அதுவரை அங்கே எவன் கூடாரம் அடித்தாலும் கிளப்பும் அதிகாரம் ஊருக்கு இல்லை.

கமிஷனர்கள் முன்னால் மனு வந்த நாளில் ஒரு சிக்கலும் இல்லை. ஊர் கிராமமாக அறிவிக்கப்பட்டது, ஐந்து டிரஸ்டிகள் நியமிக்கப்பட்டார்கள். அறங்காவல் செய்யும் பட்டா டிரஸ்டிகள் வேறு, ஊரை நடத்தும் இந்த டிரஸ்டிகள் வேறு. ரசீது வாங்கும்போது யாரிடம் பணம் தருகிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். உத்தரவின் சான்றிட்ட நகலை அங்கேயே நின்று வாங்கிவிடுங்கள், பிறகு வா என்றால் நகராதீர்கள்.

இன்னும் ஒன்று. இரவல் சட்டம் முதல் சட்டமன்றக் கூட்டம் முடியும் வரைதான். குத்ரியில் கூடியிருக்கும் உறுப்பினர்கள் தலைநகர் குத்ரியிலா, ஓக்லஹோமா சிட்டியிலா என்று மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் புதிதாக என்ன எழுதுவார்களோ, அந்தக் கடவுளுக்கே வெளிச்சம். கையெழுத்துகள் சேர்ந்திருந்தால் இந்த மாதமே மனுவைக் கொடுத்துவிடுங்கள்.