ரிஸ்க் (வாழ்வாதாரம்) அல்லாஹ் பொறுப்பு, சரி, அப்ப பட்டினி?

பூமியில ஊர்ந்து போற எந்த உயிரா இருந்தாலும் அதுக்கு உணவளிக்கிறது அல்லாஹ்வோட பொறுப்புன்னு ஹூத் சூராவோட 6வது வசனம் சொல்லுது. சின்ன வயசுலேருந்து பயான்ல (மார்க்க சொற்பொழிவுல) கேட்டு கேட்டு வளர்ந்த வசனம் இது. ஆனா காஸாவுலயும் சூடான்லயும் எலும்பும் தோலுமா கிடக்கிற புள்ளைங்க போட்டோ போன்ல வரும்போது, அப்ப இவங்க ரிஸ்க் எங்க போச்சுன்னு மனசு கேக்கத்தான் செய்யுது. அப்படிலாம் கேக்கக்கூடாது, ஈமானுக்கு (இறைநம்பிக்கைக்கு) ஆபத்துன்னு பெரியவங்க வாய அடைச்சிடுவாங்க. எனக்கு என்னமோ அது தப்பான கேள்வின்னு தோணல, ஏன்னா குர்ஆனே இந்த விஷயத்த எடுத்து பேசியிருக்கு.

அதுவும் எங்கன்னா யாசீன்ல, நாம மய்யித்து (சாவு) வீட்ல மாத்தி மாத்தி ஓதுற அதே யாசீன், 47வது வசனம். அல்லாஹ் உங்களுக்கு கொடுத்ததுலேருந்து செலவு பண்ணுங்கன்னு சொன்னா, "அல்லாஹ் நாடியிருந்தா அவனே சாப்பாடு போட்டிருப்பானே, அவங்களுக்கு நாங்க ஏன் போடணும்?"னு பதில் வருதாம். கேக்க நல்ல தவக்குல் (அல்லாஹ் மேல முழு நம்பிக்கை) உள்ள ஆள் பேசுற மாதிரியே இருக்குல்ல, ஆனா குர்ஆன் இத சொல்ல வச்சிருக்கிறது மூமின்கள் வாயில இல்ல, மறுக்கிறவங்க வாயில. அல்லாஹ்வோட நாட்டத்த காரணம் காட்டி அடுத்தவன் பசியிலேருந்து நழுவுற பேச்சுக்கு அங்கயே கதவ அடைச்சாச்சு.

இமாம் முஸ்லிமோட ஹதீஸ் தொகுப்புல வர்ற ஹதீஸ் குத்ஸி (அல்லாஹ் சொன்னதா நபி அறிவிச்சது) இன்னும் ஒரு படி மேல போகுது. மறுமையில அல்லாஹ் கேப்பானாம், ஆதமுடைய மகனே, உங்கிட்ட சாப்பாடு கேட்டேன், நீ தரலையேன்னு. நீ அகிலத்தோட ரப்பாச்சே, உனக்கு நான் எப்படி தர்றதுன்னு இவன் முழிக்க, என் அடியான் இன்னார் உங்கிட்ட கேட்டான், நீ கொடுக்கல, கொடுத்திருந்தா அத நீ எங்கிட்ட கண்டிருப்பேன்னு பதில் வரும். உணவளிக்கிறவனே பசிச்சவனுக்காக நின்னு கணக்கு கேக்குறான், இத படிக்கிறப்பல்லாம் எனக்கு உடம்பு சிலிர்த்துடும்.

பறவை ஹதீஸும் எல்லாருக்கும் தெரியும், காலையில வெறும் வயித்தோட போகும், சாயங்காலம் வயிறு நிறைஞ்சு திரும்பும்னு திர்மிதி ஹதீஸ் தொகுப்புல வர்றது. உழைக்கிறவனுக்கு அது பெரிய தைரியம். ஆனா வேலையில்லாம பசியோட நிக்கிறவன்கிட்ட போய் அத பயான் பண்றது கொடுமைங்க. ரசூலுல்லாஹ்வே (ஸல்) பசிய விட்டு பாதுகாப்பு தேடி துஆ கேட்டிருக்காங்க, பசி கூடவே படுக்கிற மோசமான துணைன்னு சொல்லி. பசிய அவங்க புனிதமாக்கவே இல்ல.

இதுக்கெல்லாம் நடைமுறைல அர்த்தம் என்னன்னு பாக்கணும்னா ரெண்டாவது கலீபா உமர் (ரலி) காலத்துக்கு போகணும். ஹிஜ்ரி 18, அதாவது கிபி 639 வாக்குல, மக்கா, மதீனா இருக்கிற ஹிஜாஸ்ல மழையே இல்லாம மண்ணு சாம்பல் மாதிரி பறந்த வருஷம், கிராமத்து அரபிகள் கூட்டம் கூட்டமா மதீனாவுக்கு வந்து சேர்ந்தாங்க. கலீபா துஆவும் கேட்டாரு, நபியோட சிறிய தந்தை அப்பாஸ (ரலி) முன்னால நிறுத்தி மழை கேட்டது புகாரி ஹதீஸ் தொகுப்புலயே இருக்கு. ஆனா துஆவோட நிக்கல, வெளி மாகாண கவர்னர்களுக்கு எழுதி தானியம் வரவழைச்சாரு, ஜகாத் (கட்டாய தர்மம்) வசூல தள்ளி வச்சாரு, பஞ்சத்துல திருடினவன் கைய வெட்டுற தண்டனையையும் நிறுத்தி வச்சாருன்னு சொல்வாங்க. மக்களுக்கு கிடைக்கிற வரைக்கும் எனக்கும் வேணாம்னு நெய்ய விட்டுட்டு எண்ணெய மட்டும் சாப்பிட்டு வயிறு உறுமினப்ப, நீ எவ்வளவு உறுமினாலும் ஜனங்க சாப்பிடுற வரை உனக்கு நெய் கிடையாதுன்னு தன் வயித்துகிட்டயே சொன்னாராம்.

அவர் சொன்ன இன்னொன்னுதான் என்ன ரொம்ப யோசிக்க வச்சுது. வேற வழியே இல்லாம போயிருந்தா ஒவ்வொரு வீட்டுக்குள்ளயும் அந்த வீட்ல எத்தன பேரோ அத்தன பசிச்சவங்கள அனுப்பி பாதி பாதியா பங்கு போட வச்சிருப்பேன், அரை வயித்தோட யாரும் செத்துட மாட்டாங்கன்னாரு. இருக்கிற சாப்பாடு எல்லாருக்கும் பத்தும், அது சில வீட்டோட நின்னுடக்கூடாது, அவ்வளவுதான் அவர் கணக்கு.

இத சட்டமாவே எழுதி வச்சவரு ஸ்பெயின் குர்துபாக்காரரான மார்க்க சட்ட அறிஞர் இப்னு ஹஸ்ம், 1064ல மவுத்தானவரு. ஒவ்வொரு ஊர் ஏழைங்களையும் அந்தந்த ஊர் பணக்காரங்கதான் பாத்துக்கணும், ஜகாத் பத்தலன்னா ஆட்சியாளர் அவங்கள கட்டாயப்படுத்தலாம், சாப்பாடு மட்டுமில்ல, குளிருக்கும் வெயிலுக்கும் துணி, மழையும் போறவங்க பார்வையும் படாத ஒரு வீடு, இதெல்லாம் கொடுத்தாகணும்னு தன்னோட அல்முஹல்லா கிதாபுல எழுதுறாரு. பக்கத்துல ஒருத்தன்கிட்ட மிச்சம் சாப்பாடு இருக்கிறப்ப பசிச்சவன் செத்த பிராணிய தின்ன வேண்டிய கட்டாயமே இல்ல, அந்த சாப்பாட்டுக்காக அவன் சண்டை போடலாம், அதுல பசிச்சவன் கொல்லப்பட்டா கொன்னவன் மேல பழிக்குப்பழி வரும், தர மறுத்தவன் செத்தா அவன் போறது அல்லாஹ்வோட சாபத்துக்கு, ஏன்னா அவன் தடுத்து வச்சது இன்னொருத்தனோட ஹக்கு, அதாவது உரிமைன்னு தீர்ப்பு சொல்லியிருக்காரு.