பதினாலு மணி நேரமும் மூன்று விசிலும்

ஆஸ்டினுக்கு யார் வந்தாலும் நாங்கள் கூட்டிக்கொண்டு போவது மூன்று இடம். டெக்சாஸ் சட்டமன்றக் கட்டடம், காங்கிரஸ் அவென்யூ பாலத்துக்கு அடியிலிருந்து சாயங்காலம் லட்சக்கணக்கில் கிளம்பும் வௌவால்கள், அப்புறம் பார்பெக்யூ. அம்மா மார்த்தாண்டத்திலிருந்து வந்து இரண்டு வாரத்தில் முதல் இரண்டும் முடிந்தது. "வவ்வாலு பாக்கவா மக்களே இவ்வளவு தூரம் பிளேன்ல வந்தேன்" என்பதோடு அந்தப் பயணம் சரி. மூன்றாவதுக்கு வரிசையில் நிற்க அவருக்கு முட்டி ஒத்துழைக்காது என்பதால் பார்சல் வாங்கி வருவதாகச் சொன்னேன்.

மாட்டிறைச்சி எங்கள் வீட்டுக்குப் புதிதில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் தேங்காய்க் கொத்து போட்டு, நல்லமிளகு இடித்துப் போட்டு, சட்டியில் கறுக்க வரட்டியதுதான். அதனால் கொஞ்சம் யோசித்தே கடையைத் தேர்ந்தெடுத்தேன். வியட்நாம், தாய்லாந்து ருசியை டெக்சாஸ் புகையோடு சேர்க்கிற கடை. 1975-க்குப் பிறகு டெக்சாஸில், முக்கியமாக ஹூஸ்டனில், வியட்நாம் ஆட்கள் நிறையக் குடியேறினார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் வீட்டில் மீன் சாஸும் வெளியில் பிரிஸ்கெட் என்கிற புகைபோட்ட மாட்டிறைச்சியுமாக வளர்ந்தவர்கள், இரண்டும் ஒரு தட்டில் சேராமல் இருந்தால்தான் அதிசயம். மீன் சாஸ் என்றால் வேறொன்றுமில்லை, நெத்திலியை உப்பில் போட்டு மாதக்கணக்கில் ஊறவைத்து வடித்த தண்ணீர். கருவாடு சாப்பிடுகிற ஊர்க்காரிக்கு இது பிடிக்காமல் போகுமா என்பது என் கணக்கு.

ஒரு பவுண்டு பிரிஸ்கெட், தேங்காய்ப்பால் சோறு, கிம்ச்சி என்கிற கொரியாக்காரர்களின் புளிக்கவைத்த கோஸ் ஒரு டப்பா, புளியும் மீன் சாஸும் கலந்த ஒரு குழம்பு மாதிரி சமாச்சாரம். பிரிஸ்கெட் என்பது மாட்டின் நெஞ்சுப் பகுதி, லேசில் மசியாத இறைச்சி. அதைப் போஸ்ட் ஓக் விறகுப் புகையில், சின்ன சூட்டில், ராத்திரி முழுக்க வைத்திருப்பார்கள். பதினாலு மணி நேரம் ஆகும் என்று கவுன்டரில் இருந்த பையன் ஏதோ தானே கண்விழித்த மாதிரி சொன்னான்.

வீட்டுக்கு வர நாற்பது நிமிடம். பழுப்புக் காகிதப் பொட்டலத்தின் அடியில் கொழுப்பு கசிந்து காகிதம் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. முதல் சிக்னலில் ஒரு துண்டு, ருசி பார்க்க. இரண்டாவது சிக்னலில் இன்னொன்று, முதல் துண்டைச் சரியாகக் கவனிக்கவில்லை என்பதால். மூன்றாவது எப்போது என்று நினைவில்லை, ஆனால் சட்டையில் கறை இருந்தது. அம்மா கண்ணில் படுவதற்கு முன் பொட்டலத்தைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு நேராகக் குளிக்கப் போனேன். எல்லாத் தப்பும் அங்கேதான் ஆரம்பம்.

தலைக்கு ஷாம்பு போட்டிருக்கும்போது ஒரு விசில் கேட்டது. பருப்பாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். இரண்டாவது விசிலோடு கதவு இடுக்கு வழியாகப் புகை வாசனை வந்தது, டெக்சாஸ் விறகுப் புகை. நுரையோடு துண்டைக் கட்டிக்கொண்டு நான் சமையலறைக்கு ஓடி வருவதற்கும் மூன்றாவது விசிலுக்கும் சரியாக இருந்தது.

"கடைக்காரன் உன்ன நல்லா ஏமாத்திப்போட்டான் கேட்டியா. வெளிய கருக்கி வச்சிருக்கான், உள்ள பாத்தா செவசெவன்னு பச்ச எறச்சி."

அந்தச் சிவப்பு. கறுத்த மேல்தோலுக்குச் சற்று உள்ளே விரல் அகலத்தில் ஒரு இளஞ்சிவப்பு வளையம் ஓடும். விறகு எரியும்போது வரும் நைட்ரிக் ஆக்சைடு இறைச்சியில் உள்ள மையோகுளோபின் என்கிற சிவப்பு நிறப் புரதத்தோடு சேர்ந்துகொள்வதால், எவ்வளவு வெந்தாலும் அந்த நிறம் போகாது. பார்பெக்யூக்காரர்கள் அந்த வளையத்தைக் காட்டித்தான் பெருமையடிப்பார்கள். இதையெல்லாம் தலையில் நுரை சொட்டச் சொட்ட விளக்கினேன். அம்மா முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, "வெந்தா எதுக்குச் செவக்கணும்?" என்றார். அதற்குமேல் மையோகுளோபினுக்கு மரியாதை இல்லை.

கிம்ச்சி எங்கே என்று தேடினேன். "அந்தக் கோஸு ஊசிப்போய் நாறிச்சு. தூரக் களஞ்சாச்சு."

குக்கரைத் திறந்தபோது பிரிஸ்கெட் நார் நாராக உதிர்ந்து கிடந்தது. அம்மா அதைச் சட்டிக்கு மாற்றி, தேங்காய்க் கொத்து, கறிவேப்பிலை, ஒரு கை நல்லமிளகு போட்டு வரட்டினார். புளிக் குழம்பை மட்டும் மோந்து பார்த்து, "இது கொள்ளாம்" என்று மொத்தத்தையும் கவிழ்த்தார். தேங்காய்ப்பால் சோற்றோடு நான் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன், இதை எழுதாமல் விட்டால் பாவம். புகை வாசனை எங்கேயும் போகவில்லை, மிளகுக்குள்ளே ஒளிந்துகொண்டு கடைசியில் தொண்டையில் வந்து நின்றது. என் மனைவி வேலையிலிருந்து வந்து சட்டியை வழித்துத் தின்றுவிட்டு இது எந்தக் கடை என்று கேட்டாள்.

ராத்திரி ஹாலில் அம்மா ஊருக்கு, சித்தியிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"பாவம் இந்தூரு ஆளுவ. பதினாலு மணி நேரம் தீயில வச்சானுவளாம், வேவல்ல. வீட்டில ஒரு குக்கரு கெடையாது போல."