துணைவேந்தர் இல்லாத பல்கலைக்கழகம்

உயர்கல்வி ஆளுகை ஆய்வுகளில், அரசு, சந்தை, கல்வியாளர் குழாம் என உயர்கல்வியை வழிநடத்தும் மூன்று சக்திகளை முனைகளாகக் கொண்டு அமெரிக்க சமூகவியலாளர் பர்ட்டன் கிளார்க் 1983இல் முன்வைத்த முக்கோணம் இன்றும் எடுத்தாளப்படுகிறது. தமிழ்நாட்டு நிலவரத்தை அதில் பொருத்திப் பார்த்தால், அரசு என்ற முனையே ஆளுநர் மாளிகை, தலைமைச் செயலகம் என இரண்டாகப் பிளந்து நிற்கிறது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் தேடுதல் குழுவில் வேந்தர், செனட் (பேரவை), சிண்டிகேட் (ஆட்சிக்குழு) தரப்புகளிலிருந்து ஒவ்வொருவராக மூவர் இடம்பெறுவதே வழக்கம். அதில் யூ.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) பிரதிநிதியும் வேண்டும் என்று வேந்தரான ஆளுநர் வலியுறுத்த, மாநில அரசு மறுக்க, 2023 ஆகஸ்டில் காலியான பதவிக்குரிய நியமனம் முடங்கியது. நியமன அதிகாரத்தை மாநில அரசுக்கு மாற்றும் சட்டத் திருத்தங்களுக்கு, 2025 ஏப்ரல் 8ஆம் தேதித் தீர்ப்பால் உச்ச நீதிமன்றம் வழிதிறந்தது. மே 21ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அவற்றுக்கு இடைக்காலத் தடை விதித்தது.

நம் விவாதங்களெல்லாம் இந்த வழக்குகளோடு நின்றுவிடுகின்றன (தொலைக்காட்சிக்கு அதுதானே தீனி). துணைவேந்தரின் இடத்தில் உயர்கல்வித் துறைச் செயலாளர் தலைமையில் ஒருங்கிணைப்புக் குழு அமரும்போது, கண்காணிக்க வேண்டிய துறையே நிர்வாகத்தையும் நடத்துகிறது. ஆசிரியர் நியமனமும் பாடத்திட்ட மாற்றமும் அக்குழுவில் எப்படி முடிவாகின்றன என்பதை, கூட்டக் குறிப்புகளை வைத்து யாராவது முனைவர் பட்டத்துக்கு ஆராய வேண்டும்.