ஷன்ட் வைப்பதற்கு முன் ஓர் இ.இ.ஜி.

சென்னையில் ஒரு மருத்துவமனையில், மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி. அறையில் 14 ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். சென்ற மாதம் வியாசர்பாடியிலிருந்து 72 வயதுப் பெரியவர் ஒருவரை அவருடைய மனைவி அழைத்து வந்தார். பாதங்கள் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் தேய்த்துத் தேய்த்து நடந்தார், மறதி கூடியிருந்தது, சிறுநீரை அடக்க முடியவில்லை. இந்த மூன்றோடு ஸ்கேனில் மூளையின் நீரறைகளும் விரிந்து தெரிந்தால், கொலம்பியாவின் சாலமோன் ஹக்கீமும் அமெரிக்காவின் ரேமண்ட் ஆடம்ஸும் 1965-இல் விவரித்த, மூளையில் நீர் தேங்கும் சாதாரண அழுத்த ஹைட்ரோசெபாலஸ் நோயாக இருக்குமோ என்று மருத்துவர்கள் சந்தேகிப்பார்கள். வயதானால் இப்படித்தான் என்று வீட்டோடு விட்டுவிடப்படும் முதியவர்களில் சிலருக்கு நடை திரும்பக்கூடும் என்பதால், இந்த நோயைக் கண்டுகொள்ளாமல் விடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

“ஆபரேஷன் பண்ணினா பழையபடி நடப்பாரா தம்பி?” என்று அந்த அம்மாள் கேட்டார். மூளையின் நீரறையிலிருந்து தோலுக்கடியில் ஒரு குழாயை வயிறுவரை கொண்டுபோய் நீரை வடியவிடுவதுதான் ஷன்ட். அதனால் எல்லோரும் தேறுவதில்லை. கிருமித்தொற்று, அடைப்பு, இரத்தக்கசிவு ஆகிய ஆபத்துகளும் உண்டு. ஆகவே மூளையையும் முதுகுத்தண்டையும் சூழ்ந்திருக்கும் அந்த நீரில் 30 முதல் 50 மில்லிலிட்டரை முதுகில் ஊசி போட்டு எடுத்து, நடை மாறுகிறதா என்று முன்னும் பின்னும் பார்ப்பார்கள். மாறினால் நல்ல அறிகுறி. மாறாவிட்டாலும் ஷன்ட் பயன்தராது என்று சொல்லிவிட முடியாது. சிக்கலே அங்குதான்.

ஜப்பானிய ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வு என் கவனத்தை ஈர்த்தது அதனால்தான். அறுவைக்கு முன் எடுத்த இ.இ.ஜி. பதிவுகளில் அலைகளின் அளவை மட்டும் பாராமல், அந்த அளவு நேரத்துக்கு நேரம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதையும் அவர்கள் கணக்கிட்டார்கள். ஷன்ட்டால் தேறியவர்களிடம் பீட்டா எனப்படும் வேகமான அலைகளின் ஏற்ற இறக்கம் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. சிலரை மட்டுமே கொண்ட ஆய்வு என்பதால் இதை வைத்து இன்று எவருக்கும் அறுவையை முடிவுசெய்யக் கூடாது; ஆனால் ஊசியோ வலியோ இல்லாத சோதனை ஒன்று இதற்கு உதவக்கூடும் என்றால், அதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தே ஆக வேண்டும்.

அதற்குப் பதிவு சுத்தமாக இருக்க வேண்டும். நொடிக்கு 13 முதல் 30 வரை துடிக்கும் பீட்டா அலையைக் கெடுப்பது மிக எளிது. நோயாளி பல்லைக் கடித்தாலோ நெற்றியைச் சுருக்கினாலோ தசையின் மின்சாரம் அதன்மேல் படிந்துவிடும். சிலவகைத் தூக்க மாத்திரைகள் பீட்டாவையே கூட்டிவிடும். வெளியே கிளம்புகிறோமே என்று அந்த அம்மாள் கணவரின் தலையில் தேங்காய் எண்ணெய் தடவி, படிய வாரிவிட்டிருந்தார். எண்ணெய்ப் பிசுக்கில் மின்முனை சரியாகப் பதியாது என்பதால், தலையைக் கழுவித் துடைத்து, டேப்பால் அளந்து பென்சிலால் குறியிட்டு, ஒவ்வொன்றாக ஒட்டி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. “தாடையைத் தளர்த்துங்கள் ஐயா, வாயை லேசாகத் திறந்தே வையுங்கள்” என்றேன். திரையில் கரகரவென்று தடித்திருந்த கோடுகள் மெலிந்தன. இரவு மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை என்பதையும் கேட்டு எழுதிக்கொண்டேன்.

மறுநாள் 40 மில்லிலிட்டர் நீர் எடுத்த பிறகு அவரைத் தாழ்வாரத்தில் நடக்கவிட்டார்கள். முந்தைய நாள் திரும்பி நிற்க ஒன்பது அடி வைத்தவர், ஐந்தே அடியில் திரும்பினார். ஷன்ட் வைக்கத் தேதி குறித்தாயிற்று. அறுவை முடிந்து மூன்று மாதம் கழித்து மீண்டும் ஓர் இ.இ.ஜி. எடுத்து, நடையின் அளவோடு சேர்த்து ஒப்பிட மருத்துவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அதுவரை முதல் பதிவை அழிக்காமல் தனியே எடுத்து வைத்திருக்கிறேன்.